நங்கூரத் தெரு தாளப்பெட்டி எடுத்த கதை

கிளாடிஸ் லேப்டாப்பில் பச்சைப் பெட்டியைத் திறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோயிலில் ஆறு மணி அடித்து, திரிகால ஜெபம் முடிந்து, அவரவர் வீட்டில் கருப்பட்டிக் காப்பி ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், நங்கூரத் தெருவின் இருபத்தேழு வீட்டிலும் இருந்த எல்லாருடைய நெஞ்சும் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு என்று ஒரே தாளத்தில் அடிக்க ஆரம்பித்தது. நான் அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று சரியாகிவிட்ட மாதிரி இருந்தது, என்ன சரியானது என்று தெரியவில்லை, அதனால் மிச்சக் கீரையையும் உருவி முடித்தேன்.

என் பேர் பிலோமினா. முப்பத்தாறு வருஷம் தூத்துக்குடி நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் நின்றவள், வரிசையாக ஓடும் மிஷினில் ஒன்று இழுத்தடித்தால் முதுகைத் திருப்பிக்கொண்டே எதுவென்று சொல்லிவிடுவேன். கலியாணம் கட்டவில்லை, ஏன் கட்டவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற பழக்கமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெமிஜியுஸ் என் கூடப்பிறந்த தம்பி, துறைமுகத்தில் இழுவைப்படகு இஞ்சினோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவன். கிளாடிஸ் அவன் பெண்டாட்டி. அவள் ஸ்டீல் கிட்டார் வாசிப்பாள். மற்றவர்கள் கிட்டாரை மாரோடு அணைத்துக்கொள்வார்கள், இவள் அதை மடியில் மல்லாக்கப் போட்டு, இடது கையில் ஒரு இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு கம்பியின்மேல் வழுக்கிக்கொண்டே போவாள். கேட்கிறவர்களுக்கு யாரோ தூரத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். வாசிப்பில் ஒரு குறையும் சொல்லமுடியாது, ஒன்றைத் தவிர. முப்பத்தோரு வருஷமாக அவள் அரைத் தட்டு பிந்தித்தான் வருவாள். கொயரில் நாங்கள் ஆமென் பாடி வாயை மூடின பிறகு அவளுடைய ஆமென் வந்து சேரும்.

முன்பெல்லாம் அவளுக்குத் துணைக்குத் தாளம் போட ஆள் இருந்தது. ரிதம் கிட்டார்க்காரர் திருப்பூருக்குப் போய்விட்டார், கீபோர்டுக்காரர் மஸ்கட்டில் மகள் வீட்டோடு இருந்துவிட்டார். புதிதாக வந்த கீபோர்டு வாத்தியார் எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னார். "அக்கா, திருவிழா ஒன்பதாம் நாள் நீங்க தனியா வாசிக்கணும்லா, வீட்ல தாளம் போட்டுப் பழகிட்டு வாங்க." அவள் முகம் செத்துப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அப்படித்தான் அவள் மைக்செட் கடை கஸ்பாரைக் கூப்பிட்டாள். கஸ்பார் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன், வாய் ஓயாதவன், ஆனால் கெட்டிக்காரன். கப்பலில் வேலை பார்க்கிற அவள் மகன் விட்டுப்போன லேப்டாப்பில் அவன் ஒரு சாப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தான். அதன் படம் பச்சை நிறத்தில் இருந்ததால் தெருவில் அதற்குப் பச்சைப் பெட்டி என்று பேர் விழுந்தது.

"டிரம்ஸ், பேஸ், கார்டு மூணையும் இதுவே வாசிச்சிரும் மைனி, நீங்க மேலால வாசிச்சாப் போதும். நீங்க தப்பு விட்டா உங்களுக்காக நிக்காது. அதான் இதுல விசேஷம்" என்றான்.

கிளாடிஸ் எழுபத்திரண்டு என்று வேகத்தை வைத்து பொத்தானை அமுக்கினாள்.

இப்போது தம்பி ரெமியின் நெஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து அவன் நெஞ்சு ஒழுங்கு தப்பிப்போயிருந்தது. ரெண்டு அடிக்கும், ஒன்றை விழுங்கும், மூன்றைச் சேர்த்து ஓடும், அப்புறம் நின்று யோசிக்கும். அந்த யோசனைதான் எங்கள் எல்லாரையும் தின்றது. திருநெல்வேலி டாக்டர், தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் மிஷின் வைத்தே ஆகவேண்டும் என்றும், காலில் இருக்கிற சர்க்கரைப் புண் ஆறாமல் வைக்கமுடியாது என்றும், அஞ்சு வாரம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். பத்திரமாக என்றால் எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தினமும் ஆறு மணி ஜெபம் முடிந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போவேன், அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரெண்டு விரலை அவன் மணிக்கட்டில் வைத்து ஒரு நிமிஷம் எண்ணுவேன். அவன் என் முகத்தையே பார்ப்பான். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, பரவாயில்லைல என்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கீரையை வைத்துவிட்டுப் போய் விரலை வைத்தால், எழுபத்திரண்டு. ஒரு தட்டு விடவில்லை. திரும்ப எண்ணினேன். என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன், அதுவும் எழுபத்திரண்டு, அவனுடையதோடு சேர்ந்தே விழுந்தது. கிளாடிஸின் மணிக்கட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சுடலைமணியைக் கூப்பிட்டு அவன் கையையும் பார்த்தேன். அவனும் அப்படித்தான். "என்னக்கா, ஊசி போடப் போறியளா" என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து, பழகினது போதும் என்று கிளாடிஸ் பெட்டியை நிறுத்தினாள். தெருவில் அவரவர் நெஞ்சு அவரவர் போக்குக்குத் திரும்பியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரெமி மட்டும் உதடு நீலம் பூத்து, நாற்காலியிலிருந்து சரிந்தான். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் திரும்பவும் பொத்தானை அமுக்கினாள். அமுக்கின மாத்திரத்தில் அவனுக்கு மூச்சு வந்தது.

"அவிய நெஞ்சு அதைப் பிடிச்சிக்கிட்டு மைனி, இனி விடாது" என்றாள் கிளாடிஸ். நான் அவன் மணிக்கட்டைத் திரும்பவும் பிடித்து எண்ணினேன்.

அதற்கப்புறம் பெட்டியை நிறுத்தவே இல்லை. பகலும் ராத்திரியும் மெதுவான சத்தத்தில் டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டே இருந்தன, கரண்டு போனால் இன்வெர்ட்டரில் ஓடின, தெருவும் அதோடு சேர்ந்து எழுபத்திரண்டிலேயே தூங்கி, எழுபத்திரண்டிலேயே எழுந்து, எழுபத்திரண்டிலேயே மீன் கழுவியது. டிரான்ஸ்பார்மர் முக்கு வரைக்கும்தான் அதன் ஆட்சி. சுடலைமணி சவாரிக்குப் போகும்போது அந்த முக்கில் நெஞ்சு மாறும், திரும்பி வரும்போது அதே முக்கில் மாறும். அவன் அதைக் கியர் மாற்றுகிற மாதிரி எடுத்துக்கொண்டான், ரெண்டாம் நாளிலிருந்து ஒருத்தரிடமும் சொல்லக்கூட இல்லை. கடைசி வீட்டு ஜெனிட்டா ஏழு மாசம், அவள் வயிற்றுப் பிள்ளை மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் தன்போக்கில் நூத்தி நாற்பதில் ஓடியது, நர்ஸம்மா அதைக் கேட்டுவிட்டு, இது இப்பவே அடங்காப்பிள்ளை என்றாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள்தான் ரொம்பப் பாடுபட்டன. கோபம் வரும், நெஞ்சு அதுக்கு ஒத்துழைக்காது, ஏசிக்கொண்டிருக்கிறவர்கள் பாதியில் என்ன சொல்லவந்தோம் என்று மறந்துபோய்ச் சோறு போடச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள்.

பங்குச்சாமியார் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மார்பில் கைவைத்து ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தார். "இது நல்லதா கெட்டதான்னு ஆயர்ட்டக் கேட்டு எழுதறேன். அதுவரைக்கும் பிரசங்கம் நடக்கையில கொஞ்சம் சத்தத்தக் கொறச்சி வையுங்க, எல்லாருக்கும் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மனு கொடுக்கவும் ஆள் வந்தது. சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்ந்த கொரைரா அண்ணாச்சிக்கு ரத்தக்கொதிப்பு, ஒரு மணி நேரமாவது அறுபதில் வைக்க முடியுமா என்று கேட்டார். காலையில் பள்ளிக்கூடச் சவாரிக்குத் தொண்ணூறு வேண்டும் என்றான் சுடலைமணி. நான் வாசலில் நின்று எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். அது என் தம்பியின் நெஞ்சு, தெருக்குழாய் இல்லை என்று சொன்னேன்.

இதெல்லாம் நடக்கும்போதே அந்த நம்பர் குறைந்துகொண்டு வந்தது.

பச்சைப் பெட்டி வெள்ளோட்டத்துக்கு மட்டும் பதினாலு நாள் ஓடும், அப்புறம் வாங்கவேண்டும். திரையின் ஒரு மூலையில் சிவப்பில் இன்னும் பதினோரு நாள், இன்னும் பத்து நாள் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். வாங்கு என்கிற பொத்தானை அமுக்கினால் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது, அதில் ஒன்றுமே இல்லை. கஸ்பார் மூன்று ஈமெயில் போட்டான், மூன்றும் திரும்பி வந்தன. அந்தக் கம்பெனியை மூடி நாலு வருஷம் ஆயிற்று என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். இதைச் சொல்லும்போது கஸ்பார் முதல்முறையாகக் குறைவாகப் பேசினான். அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. டாக்டர் சொன்ன அஞ்சு வாரத்தில் இன்னும் மூன்றரை வாரம் பாக்கி இருந்தது.

தெரு முழுக்க அதே பேச்சானது. குழாயடியில், மீன்கடையில், கோயில் படியில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால், இன்னைக்கு எத்தனை என்றுதான் கேட்டார்கள். பெரிய நோவாளி வீட்டில் நாள் கேட்பார்களே, அப்படிக் கேட்டார்கள். வேறு சாப்ட்வேர் பார்க்கவேண்டியதுதான் என்று கஸ்பார் இன்னொரு லேப்டாப்பைக் கொண்டுவந்தான். ஆனால் பழைய பெட்டியை நிறுத்தினால்தான் புதிது நெஞ்சுக்குள் ஏறும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒன்றை அமுக்கி மற்றதைத் திறக்கவேண்டும். ரெமி காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்காருவான், நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன், கிளாடிஸ் ரெண்டு லேப்டாப்பிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொள்வாள், வாசலில் தெரு நிற்கும், யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

முதலில் நீலப் பெட்டி. அது இன்டர்நெட்டிலிருந்து தாளத்தை இழுத்துக்கொண்டுவருகிற சாதி. பதினாறு தட்டு அருமையாக ஓடியது, அப்புறம் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வட்டம் சுற்றுகிற வரைக்கும் எங்கள் யாருக்கும் அடுத்த தட்டு வரவில்லை. சுடலைமணி ஆட்டோவிலிருந்து பாதி இறங்கினபடி ஒரு கால் தரையிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றான், கொரைரா அண்ணாச்சி கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. கிளாடிஸ் பச்சைக்குத் தாவிவிட்டாள். "சிக்னல் இல்லாம செத்தேன்னு மேல போயிச் சொன்னா அசிங்கம்லா" என்றான் ரெமி.

அடுத்தது வெள்ளைப் பெட்டி. அதற்கு இன்டர்நெட் வேண்டாம், யாரோ நிஜ டிரம்ஸ்காரர் நிஜமாக வாசித்துப் பதிந்து வைத்தது, கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நாலு நிமிஷத்துக்கு ஒருதடவை பதிவு முடிந்து திரும்ப முதலிலிருந்து தொடங்கும், முடிகிற இடத்துக்கும் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அந்த விரிசலில் எல்லாருக்கும் ஒரு தட்டு போகும். கொரைரா அண்ணாச்சி கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த விரிசலுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். ரெமி அரைமணி நேரம் பொறுத்தான். "நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா சாவுறதுக்கு என்னால ஆவாதுக்கா, எடுத்துருங்க" என்றான்.

பன்னிரண்டாம் நாள் கஸ்பார் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். வட்டமும் சுற்றவில்லை, விரிசலும் இல்லை. எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெமி எழுந்து நின்று ரெண்டு எட்டு நடந்துகூடப் பார்த்தான். சாயங்காலம் ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கையில், திருவிழாப் பாட்டுக்கு என்று கஸ்பார் முன்பே கடையில் வைத்துத் தயார்செய்த பாடத்தை அதில் திறந்து கொடுத்துவிட்டு, கொடிமரத்தில் ஸ்பீக்கர் கட்டப் போய்விட்டான். கிளாடிஸ் அமுக்கினாள். கோயிலில் மணி அடித்தது.

எங்கள் தெருவில் ஆறு மணி அடித்தால் நடந்துகொண்டிருக்கிறவர்கள் நிற்பார்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுவார்கள், அடுப்பில் பால் பொங்கினாலும் ஜெபத்தை நடுவில் விட்டுவிட்டு ஓடுகிற வழக்கம் இல்லை. கஸ்பார் அந்தப் பாடத்தில் ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்து வைத்திருந்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேகத்தில் அஞ்சு கூட்டு என்பது அந்தக் கட்டத்தின் பொருள், பழகுகிறவர்களுக்கு வேகம் வரட்டும் என்று வைத்திருக்கிறார்கள். பதினாறு தட்டு ஒரு சுற்று. ஆண்டவருடைய சம்மனசு என்று தொடங்கும்போது எழுபத்தேழு. முதல் அருள்நிறை மரியேயில் தொண்ணூறைத் தாண்டியது. ரெண்டாவதில் காதுக்குள் ரத்தம் இரைந்தது. எல்லாருக்கும் தெரிகிறது, எல்லாரும் கைகூப்பி நிற்கிறோம், ஒருத்தரும் நகரவில்லை, சுவர்களைப் பிடித்துக்கொண்டு, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, வேகமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று ஜெபத்தையும் ஓட்டினோம், அதுவும் எங்களோடு ஓடியது. கிளாடிஸ் லேப்டாப்புக்கு முன்னால்தான் நின்றாள், கை நீட்டினால் எட்டும், அவள் கை கூப்பியபடியே இருந்தது. ஆமென் சொல்லும்போது நூத்தி ஐம்பத்தேழு. ஆமென்னுக்கு அப்புறம் அரைத் தட்டு கழித்துத்தான் அவள் கை பொத்தானுக்குப் போனது. அதற்குள் ரெமி தரையில் கிடந்தான்.

பச்சைக்கு மாற்றி, முகத்தில் தண்ணீர் தெளித்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, சுடலைமணியும் கொரைரா அண்ணாச்சியும் சேர்ந்து கட்டிலில் தூக்கிப் போட்டு, அவன் கண் திறக்கிற வரைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை. திறந்த பிறகு பேசினேன்.

"முப்பத்தோரு வருசமாப் பிந்தி வந்தியே, இன்னைக்கு ஒருநாள், என் தம்பிக்காக, ஒரு தட்டு முந்தி கை நீட்டக்கூடாதாட்டி" என்றேன். இன்னும் சொன்னேன், அதெல்லாம் எழுதவேண்டாம். அவள் கிட்டாரை எடுத்துத் துவாலையில் சுற்றி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். நானும் அந்த அறையில்தான் நின்றேன், என் கையும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது, நானும் ஆமென் சொல்லித்தான் முடித்தேன். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ரெண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

பதினாலாம் நாள் வந்தது. திரை மூலையில் நாள் போய் மணி வந்தது, மணி போய் நிமிஷம் வந்தது. திறந்த அதே நேரத்துக்கு, ஆறு பத்துக்கு, பச்சைப் பெட்டி மூடிக்கொள்ளும் என்று கஸ்பார் கணக்குப் பார்த்துச் சொன்னான். அவன் சிவப்புப் பெட்டியைத் திறந்து, அந்தப் பாழாய்ப்போன கட்டத்தில் டிக்கை எடுத்து, எடுத்ததை எங்கள் எல்லாருக்கும் தனித்தனியாகக் காட்டினான். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அவனுக்கே வரவில்லை. திருநெல்வேலிக்குப் போன் போட்டோம், புண் இன்னும் ஆறவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வந்து பிரயோஜனம் இல்லை என்றார்கள். சுடலைமணி ஆட்டோவை வாசலில் திருப்பி நிறுத்திவைத்திருந்தான், எங்கே போவதற்கு என்று அவனுக்கும் தெரியாது.

ஜெபம் முடிந்து ஆறு அஞ்சு. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். எழுபத்திரண்டு.

"கஸ்பாரு, இந்தப் பெட்டி நம்மள ஓட்டுது சரி. நாம சொல்றத இது கேக்குமால?" என்று ரெமி கேட்டான்.

"கேக்கும் அண்ணாச்சி. இந்தா, ஸ்பேஸ்பாரு, இந்த நீளக்கட்டை இருக்குல்லா, இதுல நாலு தட்டு தட்டினியன்னா, அந்த வேகத்துல ஓடும்."

"இங்கன தள்ளு."

சிவப்புப் பெட்டி இருந்த லேப்டாப்பை அவன் மடிக்குத் தள்ளினார்கள். அவன் இடது கை விரலைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டான், இஞ்சின் சூட்டை விரலால் பார்த்துப் பழகின கை அது. வலது கை கட்டைவிரலை நீளக்கட்டையில் வைத்தான். கிளாடிஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எல்லாச் சாமியும் மறந்துபோயிற்று, எண்ணுவது மட்டும் மறக்கவில்லை. ஆறு பத்துக்குப் பச்சைப் பெட்டியில் நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது, அப்படியே திரை இருண்டது.

ரெமியின் நெஞ்சு தன் பழைய புத்திக்குத் திரும்பியது. ரெண்டு அடித்தது. அவன் ரெண்டு தட்டினான். ஒன்றை விழுங்கியது, அவன் விரலைத் தூக்கி வைத்துக் காத்திருந்தான். மூன்று சேர்ந்து ஓடியது, மூன்றையும் தட்டினான். நாலு தட்டு போதும் என்று கஸ்பார் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தான், யோசிக்கிற இடத்தில் யோசித்து, ஓடுகிற இடத்தில் ஓடி, ஒரு நிமிஷம் முழுக்கத் தட்டினான். அந்தப் பெட்டி சராசரி எடுக்கவேண்டும், அதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எடுக்கவில்லை. அவன் கையை எடுத்ததும் டிரம்ஸும் பேஸும் அவன் தட்டினபடியே, நொண்டிக்கொண்டே, வாசிக்க ஆரம்பித்தன.

அப்போதுதான் எங்களுக்கு வந்தது. ரெண்டு அடி. அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்தில் தெருவே படியில்லாத இடத்தில் கால் வைத்தது. கொரைரா அண்ணாச்சி, மாதாவே என்று தரையில் உட்கார்ந்தார். சுடலைமணி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூன்று ஓடியது, திரும்ப வெறுமை. இதைத்தான் இவன் ஆடி மாதத்திலிருந்து தனியாகச் சுமந்துகொண்டு, நான் பரவாயில்லைல என்று சொல்லும்போதெல்லாம் சரிக்கா சரிக்கா என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். தினமும் விரல் வைத்து எண்ணினேனே தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

ரெமி அழவில்லை. எங்கள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான். "இப்படித்தான் இருக்கும். மொத ரெண்டு நாளு பயமா இருக்கும். அது விழுந்திராது, நின்னு நின்னு வரும். பொறுத்துக்கிடணும்" என்றான்.

கிளாடிஸ் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்க் கிட்டாரை எடுத்தாள். துவாலையை அவிழ்த்து, மடியில் மல்லாக்கப் போட்டு, இரும்புத் துண்டைக் கம்பியில் வைத்தாள். ரெண்டு தட்டு விழுந்தது. மூன்றாவது வரவேண்டிய இடம் காலியாக இருந்தது, அரைத் தட்டு பிந்தி அவளுடைய சுரம் வழுக்கிக்கொண்டு வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த காலி இடத்திலும் உட்கார்ந்தது. முப்பத்தோரு வருஷமாக நான் ஏசிக்கொண்டிருந்த அந்த அரைத் தட்டு அவன் நெஞ்சின் விரிசலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ரெமி கண்ணை மூடிக்கொண்டான். உதடு நீலம் பூக்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் நங்கூரத் தெரு நொண்டியது. மாடிப்படி ஏறும்போது வெறுமை வந்தால் அந்தப் படியில் நின்றுவிட்டு ஏறப் பழகினோம். பேசும்போது வந்தால் வார்த்தையை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தோம், எதிரில் இருக்கிறவருக்கும் அதே நேரத்தில் வந்திருக்கும், அதனால் யாரும் தப்பாக எடுக்கவில்லை. திருவிழா ஒன்பதாம் நாள் கிளாடிஸ் கோயிலில் எந்தப் பெட்டியும் இல்லாமல் வாசித்தாள், வழக்கம்போலப் பிந்தினாள், எங்கள் தெரு மொத்தமும் அவளோடு பிந்திப் பாடியது, கீபோர்டு வாத்தியார் மட்டும் தனியாக முந்திப் போய் நின்றுகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். புண் ஆறியது. டாக்டர் சொன்ன நாளில் சுடலைமணி ஆட்டோவிலேயே ரெமியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம், மிஷினை வைத்தார்கள், ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தான். நிமிஷத்துக்கு எழுபது. அது எந்தப் பெட்டிக்கும் அசைவதில்லை, உலகமே நின்றாலும் எழுபதுதான்.

அன்றைக்குப் பெட்டியை நிறுத்தினோம். எல்லாருக்கும் அவரவர் நெஞ்சு திரும்பி வந்தது. மறுநாள் கஸ்பார் ஏழு புது சாப்ட்வேரின் பேரைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, இனி பயமில்லாமல் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம் என்று வாசித்துக் காட்டினான். தெருவே வாசலில் நின்று கேட்டது. வாசித்து முடித்ததும் கிளாடிஸ் என்னைப் பார்த்தாள்.

"பழசையே போடுட்டி" என்றேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதனால் இப்போதும் ஆறு மணி ஜெபம் முடிந்ததும் அவள் சிவப்புப் பெட்டியில் ரெமிஜியுஸ் என்று பேர் போட்டுச் சேமித்த தாளத்தைத் திறப்பாள், ஒரு மணி நேரம் பழகுவாள், அந்த ஒரு மணி நேரமும் இருபத்தேழு வீடும் அவனுடைய பழைய நெஞ்சோடு இருக்கும். வேண்டாம் என்கிறவர்கள் டிரான்ஸ்பார்மர் முக்குக்கு அந்தப் பக்கம் போய் நிற்கலாம். போகிறவர்கள் கம்மி. தெருவில் அது இல்லாத ஒரே ஆள் ரெமிதான். அவன் நாற்காலியில் எழுபதோடு உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறான், கொரைரா அண்ணாச்சிக்கு மூச்சு வாங்குதா, ஜெனிட்டா பிள்ளை அழுவுதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் என் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, ரெண்டு விரலை மணிக்கட்டில் வைத்து எண்ணுகிறான். எனக்கிருந்த அளவு கல்முகம் அவனுக்கு வராது.

"அக்கா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்கிறான்.

"வரும்ல, பொறு" என்கிறேன்.

அரைத் தட்டு கழித்து, சுவரோரத்துக் கிட்டாரிலிருந்து, கிளாடிஸ் வருகிறாள்.